பாணின் நிறையும் பைக்கற்றின் எழுத்தும்: இலங்கையில் வெதுப்புணவின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

நமது சமூக வரலாற்றை எழுதப் புகுந்தோர் நிலம், நீர்ப்பாசனம், சாதி, கோயில், கல்வி என்பவற்றிற் செலுத்திய கவனத்தை, மக்கள் நாள்தோறும் கடையிற் காசு கொடுத்து வாங்கும் உணவிற் செலுத்தினாரல்லர். வீட்டில் விளைந்து வீட்டில் சமைக்கப்பட்ட உணவு பண்பாட்டின் பாற்பட்டதென்றும், கடையில் வாங்கப்படுவது வெறும் வணிகமென்றும் நாம் கருதி வந்துள்ளமை இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயின், ஒரு சமூகம் தன் உணவைப் பிறர் கையிலிருந்து விலைக்கு வாங்கத் தொடங்கும்போதே உணவு பற்றிய மிக முக்கியமான வினாக்கள் பிறக்கின்றன. இதன் நிறை யாது? இதனுள் இருப்பது யாது? சொல்லப்பட்டது மெய்தானா? பாண், பணிஸ், பிஸ்கட் ஆகிய வெதுப்புணவுகளின் வரலாற்றை இவ்வினாக்களின் வழியே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொற்கள் கூறும் செய்தி

ஈழத்துத் தமிழ் வழக்கில் வெதுப்புணவு தொடர்பான அடிப்படைச் சொற்கள் பல போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. பாண் என்பது 'பௌன்' என்ற போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. பாண் சுடும் அடுப்பாகிய போறணை, 'போர்னு' என்பதன் திரிபு. முதியோர் நாவில் இன்றும் வழங்கும் விசுக்கோத்து, 'பிஸ்கொய்த்து' என்பதிலிருந்து பிறந்தது. 1505 இல் இத்தீவின் கரையை அடைந்து, 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658 இல் ஒல்லாந்தரால் அகற்றப்பட்டனர். அவர்தம் ஆட்சி அகன்றபின்னரும் அவர்தம் அடுப்பின் பெயர் நம்மிடம் எஞ்சியது. ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் இல்லங்களில் நத்தார்ப் பண்டிகைக்குச் சுடப்படும் 'புறூடர்' அடுத்த படையலின் எச்சமாகும். பேக்கரி, பணிஸ், கேக், றஸ்க், பிஸ்கட் என்பன ஆங்கிலேயர் காலத்துச் சேர்க்கைகள். பின்னாளில் வெதுப்பகம் என்ற தமிழாக்கம் பெயர்ப்பலகைகளில் இடம்பெற்றதாயினும், பேச்சில் பேக்கரியே நிலைத்தது.

இச்சொற்கள் இரவல் என்பதால் உணவும் என்றும் இரவலாகவே இருந்தது என்று முடிவு செய்தல் தவறாகும். உழைக்கும் மக்கள் இவ்வுணவைத் தமதாக்கிக் கொண்டனர். இடிசம்பலோடும் பருப்போடும் உண்ணப்படும் அச்சுப்பாணும் றோஸ் பாணும் எந்த ஐரோப்பிய மேசைக்கும் உரியனவல்ல. சீனிச்சம்பலை உள்ளிட்டுச் சுடும் பணிஸ், சிங்களத்தில் முதலையின் பெயர் பெற்ற 'கிம்புலா பணிஸ்', மீனும் உருளைக்கிழங்கும் அடக்கிய முக்கோணப் பணிஸ் ஆகியவை இந்நாட்டுப் போறணைத் தொழிலாளரின் ஆக்கங்களே. உள்ளூர் வெதுப்புணவு என ஒன்று உண்டா என வினவுவோர்க்கு இவையே விடை.

2. அரிசி அரசியலும் மாவின் வருகையும்

கோதுமை இலங்கையில் வணிக அளவில் விளைவதில்லை. எனவே பாணின் பரவல் சுவையின் பரவல் மாத்திரமன்று. அது இறக்குமதியின் வரலாறும், அரசுக் கொள்கையின் வரலாறுமாகும். ஏற்றுமதிப் பயிரையே நோக்காகக் கொண்ட பெருந்தோட்டப் பொருளாதாரம், நாட்டின் அரிசித் தேவையின் பெரும்பகுதிக்குப் பர்மாவையும் பிற நாடுகளையும் நம்பியிருக்குமாறு செய்தது. 1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும் அவ்வாயில் அடைபட்டது. பங்கீட்டு முறை வந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. அதுவரை நகர்ப்புறத்தாரின் காலை உணவாகவும், நோயாளரின் பத்திய உணவாகவும் பெரிதும் கருதப்பட்ட பாண், கிராமத்துத் தேநீர்க் கடைவரை சென்றது இக்கட்டத்திலேயாகும்.

போர் ஓய்ந்தபின்னும் பழைய நிலை மீளவில்லை. 1952 இல் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர் - அரிசி ஒப்பந்தம் அரிசித் தட்டுப்பாட்டுக்கு ஓரளவு விடை கண்டது. ஆயினும் 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆம் திகதி நிகழ்ந்த ஹர்த்தால் பிரதமர் டட்லி சேனநாயக்காவின் பதவி விலகலுக்கு இட்டுச்சென்றது. உணவின் விலை ஒரு பிரதமரை வீழ்த்தும் வலிமையுடையது என்பதை அதன்பின் எந்த அரசும் மறக்கவில்லை.

1954 இல் ஐக்கிய அமெரிக்கா நிறைவேற்றிய, பீ.எல்.480 என அறியப்படும் சட்டம், அந்நாட்டின் மிகைத் தானியத்தை வளர்முக நாடுகளுக்கு உதவியாகவும் சலுகை விலையிலும் அனுப்ப வழி செய்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து இலங்கையும் இவ்வழியில் மாவைப் பெற்றது. உதவி என்ற பெயரில் வந்த மா, நம் உணவுப் பழக்கத்தையே மாற்றி, பின்னர் காசு கொடுத்து வாங்கவேண்டிய தேவையை உண்டாக்கிற்று என்னும் விமரிசனம் ஆதாரமற்றதன்று.

இத்தங்கிவாழ்தலின் விலையை 1973, 1974 ஆம் ஆண்டுகள் காட்டின. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. அந்நியச் செலாவணி வற்றியது. விடியுமுன் பேக்கரிகளின் முன்னே வரிசைகள் நீண்டன. நகரத்தார் வரிசையில் நின்று பாண் பெற்றனர். மலையகத் தோட்டத் தொழிலாளருக்கோ வரிசையில் நிற்கவும் வழியில்லை. கோதுமை மா றொட்டியே அவர்தம் முதன்மை உணவு. தாமே பயிரிட நிலமும் அவர்க்கில்லை. குடியுரிமை பறிக்கப்பட்ட பெரும்பாலோர்க்கு அரசியற் குரலும் இல்லை. 1974 இல் தோட்டப்புற இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. மாவின் வரலாற்றை எழுதுவோர் இப்பக்கத்தைக் கடந்து செல்லுதல் நேர்மையாகாது.

1977 இல் தொடங்கிய தாராளமயக் கொள்கையின் கீழ், சிங்கப்பூர் பிறீமா நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டு, திருகோணமலையில் அமைந்த பாரிய மா ஆலை 1980 இல் இயங்கத் தொடங்கியது. தமிழ் பேசும் மக்கள் வாழும் ஒரு துறைமுகத்தில் நாட்டின் பாண் முழுவதற்குமான மா அரைக்கப்படலாயிற்று. 1979 இல் பங்கீட்டு முறைக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. மலிவு மாவின் காலமும் படிப்படியாக முடிவுக்கு வந்தது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது பாணின் விலை சில மாதங்களுள் இரு மடங்கிற்கும் மேலாக ஏறியமை, 1942 இல் தொடங்கிய கதை முற்றுப்பெறவில்லை என்பதையே உணர்த்துகின்றது.

3. நிறை என்னும் முதல் வாக்குறுதி

பொதி செய்யப்படாத பாணுக்குச் சுட்டுத்துண்டு இல்லை. அதன் நிறையே அதன் சுட்டுத்துண்டு. 'ஒரு றாத்தல் பாண்' என்று கேட்கும்போது, நாம் ஒரு பெயரையும் ஓர் அளவையும் ஒருங்கே சொல்லுகின்றோம். ஒரு றாத்தல் ஏறத்தாழ 454 கிராம். மெற்றிக் முறை வந்தபின் 450 கிராம் என்பது அதற்கு ஈடாக நிலைபெற்றது. அளவை மாறியும் றாத்தல் என்ற சொல் மாறவில்லை.

விலைக்கும் நிறைக்கும் உள்ள இத்தொடர்பு மிகப் பழைய பிரச்சினை. 1266 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட பாணுக்கும் பியருக்குமான சட்டம், பாணின் விலையை நிலையாக நிறுத்தி, தானிய விலைக்கேற்ப அதன் நிறை கூடவும் குறையவும் இடமளித்தது. குறித்த நிறைக்குக் கீழே விற்ற வெதுப்புவோர் தண்டிக்கப்பட்டனர். இம்முறை லண்டனில் 1822 இலும் ஏனைய இடங்களில் 1836 இலும் நீக்கப்பட்டு, பாண் நிறையின்படி விற்கப்படலாயிற்று.

இன்றைய வணிகம் பழைய முறையை மறைவில் பின்பற்றுகின்றது எனலாம். விலையை உயர்த்தினால் மக்கள் முணுமுணுப்பர். நிறையைக் குறைத்தால் அறியார். அக்காலத்தில் நிறை மாறுவதைச் சட்டம் பகிரங்கமாக அறிவித்தது. இக்காலத்தில் அது அறிவிக்கப்படாமலே மாறுகின்றது. வேறுபாடு பாணில் இல்லை, அறிவித்தலிலேயே உள்ளது. பிஸ்கட் பைக்கற்றிலும் இதுவே நிகழ்கின்றது. உறையின் பருமனும் படமும் விலையும் மாறாதிருக்க, மூலையில் உள்ள தேறிய நிறை மட்டும் குறைகின்றது. சட்டப்படி அது பொய்யன்று. ஆயினும், கண் பார்ப்பதற்கும் எழுத்து சொல்லுவதற்கும் இடையிலான தூரத்திலிருந்து இலாபம் பெறப்படுகின்றது.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, 2024 பெப்ரவரியில், ஒரு றாத்தல் பாண் 450 கிராமும், அரை றாத்தல் 225 கிராமும் இருத்தல் வேண்டுமென விதித்தது. முறையே 13.5 கிராமும் 9 கிராமும் குறைவதற்கு இடமளிக்கப்பட்டது. சுடும்போது நீர் ஆவியாவதால் நிறை சிறிது மாறுதல் இயல்பே. ஆயின், தராசு இல்லாத கடையில், அல்லது இசை ஒலித்தபடி ஒழுங்கை ஒழுங்கையாக வரும் முச்சக்கர வண்டியில், இவ்விதி எவ்வாறு உயிர்பெறும் என்பதே வினா. தராசு கண்ணெதிரே இல்லாதவிடத்து நிறை பற்றிய சட்டம் பாதி உறக்கத்திலேயே இருக்கும்.

4. உள்ளே இருப்பது யாது?

நிறைக்கு அடுத்த வினா உட்பொருள் பற்றியது. இவ்வினாவை முதலில் உரத்துக் கேட்டது கைத்தொழிற் புரட்சியின் இங்கிலாந்தாகும். 1820 இல் பிரெடெரிக் அக்கம் என்ற இரசாயனவியலாளர் உணவுக் கலப்படம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1850களில் 'லான்செற்' மருத்துவ இதழின் சார்பில் ஆதர் ஹில் ஹசல் நுணுக்குக்காட்டியின் துணையுடன் லண்டன் நகர உணவுகளைச் சோதித்து, பாணை வெண்மையாக்கப் படிகாரம் சேர்க்கப்படுவதை வெளிப்படுத்தினார். கலப்படம் செய்த வணிகரின் பெயரும் முகவரியும் அவ்விதழிற் பகிரங்கமாக அச்சிடப்பட்டன. 1858 இல் பிராட்போர்ட் நகரில் இனிப்பில் தவறுதலாக ஆசனிக்குக் கலந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1860 இல் முதற் கலப்படச் சட்டமும், 1875 இல் வலுவான சட்டமும் வந்தன.

இவ்வரலாற்றில் நாம் மனங்கொள்ளவேண்டிய ஓர் உண்மை உண்டு. 1862 இல் வெதுப்பகத் தொழிலாளரின் குறைகள் பற்றி ட்ரெமென்ஹீர் அளித்த அறிக்கையைக் கார்ல் மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலில், வேலைநாள் பற்றிய இயலில், விரிவாகப் பயன்படுத்தினார். குறைந்த விலைக்குப் பாண் விற்ற முதலாளிகள் இரு வழிகளில் அதனைச் சாதித்தனர்: ஒன்று பாணிற் கலப்படம், மற்றையது தொழிலாளரின் இரவுழைப்பை நீட்டுதல். உண்பவனை ஏமாற்றுதலும் உழைப்பவனைச் சுரண்டுதலும் ஒரே போறணையின் இரு வாயில்கள் என்பதை அவ்வறிக்கை காட்டியது. நேர்மையான சுட்டுத்துண்டு பற்றிப் பேசுவோர் நள்ளிரவில் மாப் பிசையும் கைகளை மறந்து பேசுதல் அரைநேர்மையே.

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவின் இயல்பு, பெறுமதி, தரம், சேர்க்கை, பாதுகாப்பு என்பன பற்றிப் பிழையான எண்ணத்தைத் தோற்றுவிக்கும் வகையில் சுட்டுத்துண்டிடுவதையும் விளம்பரப்படுத்துவதையும் தடைசெய்கின்றது. 2005 இல் சுட்டுத்துண்டிடலுக்கும் விளம்பரத்திற்குமான ஒழுங்குவிதிகள் வெளிவந்தன. 2016 இல் மென்பானங்களின் சீனி அளவைக் காட்டும் நிறக்குறி நடைமுறைக்கு வந்தது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்படின் சிவப்பு, 2 கிராமுக்குக் குறையின் பச்சை, இடைப்படின் செம்மஞ்சள். 2019 இல் இம்முறை சீனி, உப்பு, கொழுப்பு ஆகிய மூன்றுக்குமாகத் திண்ம உணவுகளுக்கும் விரிந்தது. எழுத்து வாசிக்க நேரமில்லாதவருக்கும், வாசிக்க அறியாதவருக்கும் நிறம் பேசுகின்றது என்ற வகையில் இது சனநாயகப் பண்புடைய ஏற்பாடாகும்.

எனினும் சுட்டுத்துண்டை வாசிக்கும் கலையை நாமே பயிலவேண்டியுள்ளது. 1963 இல் தொடங்கப்பட்ட கோடெக்ஸ் ஆணைக்குழு, 1985 இல் ஏற்றுக்கொண்ட பொது நியமத்தின்படி, சேர்பொருள்கள் நிறையின் இறங்குவரிசையில் எழுதப்படல் வேண்டும். எனவே உறையின் முகத்தில் 'குரக்கன்' என்று பெரிதாக அச்சிட்ட பிஸ்கட்டின் பின்புறத்தில், கோதுமை மா, சீனி, தாவரக் கொழுப்பு ஆகியவற்றின் பின்னரே குரக்கன் மா வருமாயின், முகம் சொல்லுவதை முதுகு மறுக்கின்றது என அறிதல் வேண்டும். சிறப்பித்துக் காட்டப்படும் பொருளின் நூற்றுவீதத்தைக் குறித்தல் வேண்டுமென்பதும் அந்நியமத்தின் கோட்பாடே. பாண் கபில நிறமாயிருப்பதனால் மட்டும் அது தவிடு நீக்காத மாவிற் செய்ததாகிவிடாது. எரித்த சீனியும் அந்நிறத்தைத் தரும்.

5. பாடசாலைப் பணிஸிலிருந்து கம்பனிப் பிஸ்கட் வரை

போறணை ஊர்சார்ந்தது, பிஸ்கட் ஆலை நாடுசார்ந்தது. காலையிற் சுட்ட பாண் மாலையிற் காய்ந்துபோகும். தகரத்திலும் உறையிலும் அடைத்த பிஸ்கட் மாதக் கணக்கில் இருக்கும். றெடிங் நகரின் ஹன்ட்லி அன்ட் பாமர்ஸ் போன்ற நிறுவனங்களின் பிஸ்கட் தகரங்கள் பிரித்தானியப் பேரரசெங்கும் சென்றமைக்கு இவ்வியல்பே காரணம். சுதந்திரத்தின் பின்னர் உள்ளூர் முதலாளித்துவம் இத்துறையுட் புகுந்தது. மலிபன் 1954 இல் தோன்றியது. 1968 இல் தோன்றிய சிலோன் பிஸ்கட்ஸ் நிறுவனத்தின் தொடக்கம், கெயார் அமைப்பின் ஆதரவில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்ட சத்துணவுப் பிஸ்கட்டுடன் பிணைந்தது. பிள்ளைகளின் கையில் அரசு கொடுத்த பணிஸின் இடத்தை ஆலையின் பிஸ்கட் பெற்றபோது, ஒரு தலைமுறையின் நாவும் ஒரு சந்தையும் ஒருங்கே உருவாயின.

இதே காலத்தில் நமது சொந்தத் தின்பண்டங்களுக்கு நேர்ந்தது யாது? பயற்றம் பணியாரம், சீனி அரியதரம், பனங்காய்ப் பணியாரம், எள்ளுப்பாகு, புழுக்கொடியல், பனாட்டு, பருத்தித்துறைத் தட்டைவடை ஆகியவை பெண்களின் வீட்டுழைப்பில் பிறந்தவை. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியபின் பனம்பண்டங்கள் சில பொதிகளாகச் சந்தைக்கு வந்தன. ஏனையவை மெழுகுதிரிச் சுடரில் ஒட்டிய பொலித்தீன் பைகளில், பெயரும் திகதியும் இன்றி, கடை முகப்பிற் தொங்கின. விதிகள் இறுகும்போது, ஆய்வுகூடச் சோதனைக்கும் அச்சிட்ட உறைக்கும் பணமுள்ள ஆலை எளிதில் இணங்கிவிடுகின்றது; ஒரு விதவைத் தாயின் அடுப்படி இணங்க முடியாது தவிக்கின்றது. நேர்மையான பண்டத்துக்குச் சுட்டுத்துண்டு இல்லை. சுட்டுத்துண்டுள்ள பண்டம் யாவும் நேர்மையானதுமன்று. இம்முரண்பாட்டைத் தீர்க்க விதியைத் தளர்த்துதல் வழியன்று. கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகச் சோதனை வசதியையும் பொதியிடும் வசதியையும் சிறு உற்பத்தியாளருக்குப் பொதுவாக்குதலே வழி.

6. 'யார் செய்தது?' என்பதிலிருந்து 'எதனாற் செய்தது?' என்பதற்கு

யாழ்ப்பாணச் சமூகத்தில் உணவைப் பற்றிய முதல் வினா நெடுங்காலமாக 'யார் செய்தது?' என்பதாகவே இருந்தது. செய்தவரின் சாதியே உணவின் தூய்மையைத் தீர்மானித்தது. 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலத்தோடு எழுச்சி பெற்ற தீண்டாமை எதிர்ப்புப் போராட்டம் கோயிற் கதவுகளை மட்டுமன்றித் தேநீர்க் கடைகளின் வாயில்களையும் தட்டியது. சமமான இருக்கையும் சமமான குவளையும் கேட்டு மக்கள் இரத்தம் சிந்தினர். பேக்கரிப் பாண், செய்தவர் கையைக் காட்டாது விற்கப்பட்டது. அம்மட்டில் அது பழைய வினாவின் கூர்மையை மழுங்கச் செய்தது.

ஆயின் அநாமதேயத்துக்கு இரு முகங்கள் உண்டு. சாதியை மறைத்த அதே உறை, கலப்படத்தையும் மறைக்க வல்லது. எனவே முற்போக்காளர் வேண்டுவது பழைய வினாவுக்கு மீளுதலன்று. புதிய வினாவை வலியுறுத்துதலாகும். செய்தவரின் பிறப்பு நமக்கு வேண்டாதது. பண்டத்தின் சேர்க்கை, நிறை, திகதி, பொறுப்பேற்கும் உற்பத்தியாளரின் முகவரி என்பனவே வேண்டுவன. இவ்வகையில், சுட்டுத்துண்டு ஒரு நவீன சமூக ஒப்பந்தம் எனல் மிகையாகாது.

ஒப்பந்தம் இருதரப்பாருக்கும் விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்திலிருந்து, 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக ஏற்றது வரை நிகழ்ந்த மொழிப் போராட்டத்தை நாம் கந்தோர்களோடும் நீதிமன்றங்களோடும் மட்டுமே தொடர்புபடுத்திப் பழகிவிட்டோம். பைக்கற்றின் பின்புறமும் ஒரு மொழிக்களமே. எழுத்துப் பிழை மலிந்த தமிழும், கண்ணுக்கு எட்டாத சிற்றெழுத்துத் தமிழும், பெயரை மட்டும் தமிழில் தந்து சேர்பொருளைப் பிறமொழியில் விடுதலும் உரிமையை வழங்கியதாகக் காட்டி மறுப்பனவாகும். நீரிழிவுள்ள ஒரு முதியவருக்கும், நிலக்கடலை ஒவ்வாத ஒரு குழந்தையின் தாய்க்கும் இது இலக்கணப் பிரச்சினையன்று, உயிர்ப் பிரச்சினை.

தொகுத்து நோக்குமிடத்து, பாணின் நிறையும் பைக்கற்றின் எழுத்தும் வணிகரின் நல்லெண்ணத்தால் வந்தவையல்ல என்பது தெளிவாகும். இரசாயனவியலாளரின் சோதனை, தொழிலாளரின் முறைப்பாடு, ஹர்த்தாலில் வீதிக்கு வந்த மக்களின் சினம், சட்டத்தின் கரம் ஆகியன சேர்ந்தே அவற்றைப் பெற்றுத்தந்தன. பெற்றதைக் காப்பதற்குச் செய்யவேண்டியன பெரியனவல்ல. ஒவ்வொரு கடையிலும் பாவனையாளர் கண்ணெதிரே ஒரு தராசு. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அண்மையில் ஓர் ஆய்வுகூடம். சிறு உற்பத்தியாளருக்கு ஒரு பொதுப் பொதியிடு நிலையம். பிழையற்ற தமிழில் சேர்பொருட் பட்டியல். இவற்றைக் கோருதல் பல்கலைக்கழகத்தாரின் ஆய்வுப் பொருளாகவும், மாதர் சங்கங்களினதும் கூட்டுறவுகளினதும் அன்றாட வேலையாகவும் ஆதல் வேண்டும். ஒரு றாத்தல் என்று சொல்லி விற்பது ஒரு றாத்தலாகவே இருத்தல் வேண்டும் என்ற எளிய நியாயம் நிலைபெறாத நாட்டில், பெரிய நியாயங்கள் நிலைபெறுதல் அரிது.